ஸ்பீட்ஸ்டர் நகல் காரில் பெட்ரோல் வாடை: டேங்கின் மூச்சுக் குழாயை அடைக்கலாமா?

நீங்கள் எழுதியதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவில் போர்ஷே 356 ஸ்பீட்ஸ்டரின் நகல் கார் ஒன்றை செகண்ட் ஹேண்டில் வாங்கியிருக்கிறீர்கள். மேலே ஃபைபர் கிளாஸ் பாடி, கீழே ஃபோக்ஸ்வாகன் பீட்டிலின் தளம், முன்னால் பானெட்டுக்கு அடியில் பீட்டிலின் டேங்க். முழு டேங்க் அடித்த நாளில் கராஜ் முழுக்க வாடை. வலது முன் சக்கரத்துக்குப் பின்னால் தரையில் ஈரம். இடது பக்கம் வேகமாகத் திரும்பினால் வாடை கூடுகிறது. சில நாள் மூடியைத் திறந்தால் 'புஸ்' என்ற சத்தம். ஹோஸை ஏற்கெனவே ஒருமுறை மாற்றியும் பயனில்லை. அதனால், டேங்கின் வலது பக்க முனையிலிருந்து கீழே இறங்கும் சின்ன மூச்சுக் குழாயை ஒரு போல்ட் செருகி அடைத்துவிடலாமா என்று கேட்கிறீர்கள்.

அடைக்காதீர்கள். அது கழிவுக் குழாய் இல்லை, டேங்கின் மூக்கு. என்ஜின் பெட்ரோலை இழுக்க இழுக்க, காலியான இடத்துக்குக் காற்று உள்ளே வந்தாக வேண்டும். வழியில்லை என்றால் டேங்குக்குள் வெற்றிடம் உருவாகும், பம்ப் திணறும். அரை மணி நேரம் நன்றாக ஓடிய வண்டி விக்கி விக்கி நிற்கும். பத்து நிமிடம் கழித்து ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். இந்தக் கோளாறுக்குப் பம்பையும் கார்புரேட்டரையும் மாற்றிப் பணத்தைக் கரைத்தவர்கள் உண்டு. மூடியைத் தளர்த்திப் பார்த்திருந்தால் காசில்லாமல் விஷயம் தெரிந்திருக்கும். வெயிலில் நிறுத்தினால் இதற்கு நேர்மாறு நடக்கும். டேங்குக்குள் அழுத்தம் ஏறி, நிற்கும் வண்டியிலேயே பெட்ரோலைக் கார்புரேட்டர் வரை தள்ளும். அங்கே பெட்ரோலைத் தடுத்து நிறுத்தும் ஊசி வால்வு கொஞ்சம் தேய்ந்திருந்தால் போதும், பெட்ரோல் என்ஜினுக்குள் இறங்கி ஆயிலோடு கலந்துவிடும்.

ஆகவே நமக்கு வேண்டியது, காற்று இரு பக்கமும் போய்வர வேண்டும், திரவம் மட்டும் வரக் கூடாது. இதைத் தீர்மானிப்பது ஓட்டை இல்லை, அந்த ஓட்டையிலிருந்து ஹோஸ் போகும் பாதை. நீங்கள் ஹோஸை மாற்றினீர்கள், பாதையை மாற்றவில்லை. அதனால்தான் வாடையும் மாறவில்லை.

நகல் கார்களில் இது ஏன் இவ்வளவு சகஜம் என்பதற்குக் காரணம் எளிது. டேங்க் ஒரு காருடையது, பாடி இன்னொரு காருடையது. பீட்டிலின் இரு அச்சுகளுக்கு இடையே உள்ள தூரம் 2400 மில்லிமீட்டர், 356-க்கு 2100. ஆகவே தளத்தை நடுவில் சுமார் 30 சென்டிமீட்டர் வெட்டிச் சுருக்கித்தான் பெரும்பாலான ஸ்பீட்ஸ்டர் நகல்களைக் கட்டுகிறார்கள். வெட்டுவது, ஒட்டுவது, பெயின்ட் எல்லாம் கவனமாக நடக்கும். டேங்கின் மூச்சுக் குழாய் மட்டும் கடைசி நாள் மாலையில், கையில் கிடைத்ததை வைத்து முடிந்துவிடும். என் வண்டியிலும் அப்படித்தான். அதைக் கட்டியவர் கண்ணாடி மாதிரியான வினைல் குழாய் ஒன்றை டேங்கின் மூச்சு முனையில் செருகி, நேரே சக்கரத்துக்கு மேலே தொங்க விட்டிருந்தார். நான் வாங்கியபோது அது மஞ்சளாகி, விறைத்து, முனையைச் சுற்றிச் சுழன்றது. விரலால் இழுத்தேன், ஒடிந்து கையோடு வந்தது.

வேலையில் இறங்கும் முன் ஒரு எச்சரிக்கை. பெட்ரோல் ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனம். அது மேலே போகாது, தரையில் தண்ணீர்போல் ஓடிப் பள்ளத்தில் தேங்கும். காற்றில் 1.4 சதவீதம் கலந்தாலே பற்றும். அமெரிக்க வீடுகளில் வாட்டர் ஹீட்டர் கராஜிலேயே இருப்பது சாதாரணம். அதன் தீ தரையிலிருந்து 18 அங்குல உயரத்தில் இருக்க வேண்டும் என்று கட்டட விதி வைத்திருப்பது இந்த ஆவிக்குப் பயந்துதான். அதனால் வண்டியை வெளியே தள்ளி நிறுத்துங்கள், பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள், பக்கத்தில் பெட்ரோல் தீக்கு ஏற்ற தீயணைப்பான் ஒன்று இருக்கட்டும். சில நகல்களில் பேட்டரியே டேங்குக்குப் பக்கத்தில்தான் இருக்கும், அப்படியானால் இன்னும் கவனம் வேண்டும்.

அடுத்து, எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடிப்பது. தரையில் ஈரம் இருக்கும் இடத்தை நம்பாதீர்கள். பெட்ரோல் டேங்கின் விளிம்பு வழியாக ஓடி, வேறெங்கோ போய்ச் சொட்டும். டேங்கின் மேல்தட்டை நன்றாகத் துடைத்துக் காயவிட்டு, ஒவ்வொரு இணைப்பைச் சுற்றியும் டால்கம் பவுடர் தூவி ஒரு சுற்று ஓட்டிவிட்டு வாருங்கள். ஈரம் பட்ட இடத்தில் பவுடர் நிறம் மாறிக் கட்டிதட்டிக் காட்டிக்கொடுக்கும். சந்தேகத்துக்குரிய இடங்கள் நான்கு: மூச்சு முனையும் ஹோஸும் சேரும் இடம், மூடியின் கேஸ்கெட், டேங்கின் மேலே ஐந்து ஸ்குரூவில் உட்கார்ந்திருக்கும் பெட்ரோல் அளவு காட்டும் மிதவை யூனிட், டேங்கின் அடியில் வெளியேறும் குழாய். கடைசி இடத்தில் ஈரம் என்றால் அது மூச்சுக் குழாய்ப் பிரச்சினையே இல்லை. வண்டியை எடுக்காமல் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

பவுடரில் பிடிபடாத கசிவுக்கு அழுத்தம் கொடுத்துப் பார்க்கலாம். இங்கேதான் பலர் ஏர் கம்ப்ரசரைத் தூக்குகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். டேங்கின் மேல்தட்டின் பரப்பை அரைச் சதுர மீட்டருக்குச் சற்றுக் குறைவு என்று வையுங்கள். வெறும் 1 பிஎஸ்ஐ (ஒரு சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு) அழுத்தமே அந்தத் தகட்டை 250 கிலோவுக்கு மேல் தள்ளும். டேங்க் பலூன் மாதிரி உப்பி, மடிப்பில் விரிசல் விடும். எனக்குப் பிடித்த கருவி பிரஷர் பார்க்கும் கருவிதான், டாக்டர் கையில் கட்டுவாரே அதே. அதன் ரப்பர் உருண்டையையும் முள் மீட்டரையும் மூச்சுக் குழாயில் இணையுங்கள். மூடியில் ஓட்டை இருந்தால் ஓட்டையில்லாத மூடி ஒன்றைப் போடுங்கள். அடியில் போகும் ஹோஸை இறுக்கிப் பிடியுங்கள். மெதுவாக 20 மில்லிமீட்டர் பாதரசம் வரை ஏற்றுங்கள், அதற்கு மேல் வேண்டாம். இது சுமார் 27 சென்டிமீட்டர் தண்ணீரின் அழுத்தம். அமெரிக்காவில் புகைச் சோதனை நிலையங்கள் டேங்க் கசிவைப் பார்க்க வைக்கும் அழுத்தமே 14 அங்குலத் தண்ணீர், அதாவது 36 சென்டிமீட்டர்தான். முள் இரண்டு நிமிடம் அசையாமல் நின்றால் டேங்க் நல்ல டேங்க். இறங்கினால் சோப்புத் தண்ணீரைத் தடவி, குமிழி வரும் இடத்தைப் பாருங்கள். நிழலில் செய்யுங்கள், வெயில் பட்டால் முள் தானாகவே ஏறி உங்களை ஏமாற்றும். ஒரு விஷயம், அந்தக் கருவியை அதற்குப் பிறகு வீட்டில் யாருக்கும் பிரஷர் பார்க்க எடுக்காதீர்கள். என் அம்மா ஒரு வாரம் பேசவில்லை.

இப்போது பாதைக்கு வருவோம். உங்கள் அறிகுறிகளில் எனக்கு முக்கியமாகப் பட்டது இடது திருப்பம்தான். வண்டி இடது பக்கம் திரும்பும்போது பெட்ரோல் வலது பக்கம் ஏறும். 0.7 ஜி (புவியீர்ப்பில் 0.7 பங்கு) அளவுக்கு ஒரு திருப்பத்தையோ பிரேக்கையோ போட்டால் டேங்குக்குள் பெட்ரோலின் மட்டம் 35 டிகிரி சாயும். அதாவது, முக்கால் டேங்கே இருந்தாலும் வலது மூலையில் பெட்ரோல் கூரையைத் தொட்டுவிடும். உங்கள் மூச்சு முனை வலது பக்கம் இருக்கிறது, ஹோஸ் அங்கிருந்தே நேராகக் கீழே இறங்குகிறது. ஒவ்வொரு இடது திருப்பத்திலும் ஒரு மடக்கு பெட்ரோல் வெளியே போகத்தான் செய்யும்.

அதோடு முடிந்தால் பரவாயில்லை. குறுகலான ஹோஸில் பெட்ரோல் நிறைந்து டேங்கின் மட்டத்துக்குக் கீழே இறங்கிவிட்டால் சைஃபன் தொடங்கும். தண்ணீர்த் தொட்டியிலிருந்து டியூப் போட்டு வாயால் உறிஞ்சி விடுகிறோமே, அதேதான். வாடை கராஜில் மணிக்கணக்கில் நிற்பதற்கும், தரையில் ஈரம் பரவுவதற்கும் இது காரணமாக இருக்கலாம். இதில் மூடிக்கும் பங்கு உண்டு. மூடியில் காற்று ஓட்டை இருந்தால் சைஃபன் தடையில்லாமல் ஓடும். இல்லையென்றால் உள்ளே வெற்றிடம் உருவாகிக் கொஞ்ச நேரத்தில் தானே நின்றுவிடும். உங்களுக்கு 'புஸ்' என்று கேட்பதால் ஓட்டையில்லாத மூடியாகவோ, ஓட்டை அடைபட்ட மூடியாகவோ இருக்க வேண்டும். அதோடு ஹோஸும் எங்கோ நசுங்கியோ, உள்ளே பெட்ரோல் தேங்கியோ அடைத்துக்கொள்கிறது என்றும் அர்த்தம்.

சரியான பாதை இப்படி இருக்க வேண்டும். முனையிலிருந்து கிளம்பியதும் ஹோஸ் மேல்நோக்கியே போக வேண்டும். நடுவில் எங்கும் தொங்கிப் பள்ளம் விழக் கூடாது, பள்ளத்தில் தேங்கும் ஒரு ஸ்பூன் பெட்ரோலே மூச்சை அடைத்துவிடும். முனை வலது பக்கம் இருப்பதால், ஹோஸை டேங்கின் குறுக்கே இடது பக்கம் கொண்டுபோங்கள். அங்கே பானெட்டுக்கு அடியில் கிடைக்கும் மிக உயரமான இடத்தில், மூடியைவிட உயரத்தில், ஒரு வளைவு கொடுத்து அங்கிருந்து கீழே இறக்குங்கள். இடது பக்கம் திரும்பினால் முனை மூழ்கும், ஆனால் வளைவு மேடான பக்கத்தில் இருக்கும். வலது பக்கம் திரும்பினால் வளைவு தாழும், ஆனால் அப்போது முனை காற்றில் இருக்கும். இரண்டும் ஒரே நேரத்தில் மூழ்காது என்பதுதான் சூட்சுமம்.

அந்த வளைவை ஹோஸை மடக்கிச் செய்யாதீர்கள், ஆறு மாதத்தில் நசுங்கிவிடும். பிரேக் குழாய் மாதிரியான உலோகக் குழாயை வளைத்துக்கொண்டு, இரண்டு முனையிலும் மட்டும் சின்னத் துண்டு ஹோஸ் போடுங்கள். குழாயின் முனையைக் கொஞ்சம் விரித்து ஒரு மேடு ஏற்படுத்தினால் ஹோஸ் நழுவாது. உள் விட்டம் 8 மில்லிமீட்டருக்குக் குறைய வேண்டாம். குறுகலான குழாயில் பெட்ரோல் கட்டியாக நின்று அடைக்கும், அகலமானதில் காற்று அதன் பக்கவாட்டில் நழுவிப் போய்விடும், சைஃபனும் எளிதில் பிடிக்காது. பானெட்டை மூடினால் வளைவில் இடிக்குமா என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். குழந்தைகள் விளையாடும் களிமண்ணில் ஒரு உருண்டை எடுத்து வளைவின் உச்சியில் வைத்து, பானெட்டை மூடித் திறந்து பாருங்கள். மிச்சமிருக்கும் உயரம்தான் உங்களுக்குக் கிடைக்கும் இடைவெளி.

கீழ் முனை வண்டியின் தளத்துக்கு அடியில், வெளிக்காற்றில் முடிய வேண்டும். பானெட்டுக்குள்ளேயே விட்டுவிட்டால் ஆவி டேஷ்போர்டின் சந்துகள் வழியாக உள்ளே வரும். ஃபைபர் கிளாஸ் பாடிகளில் அந்தச் சந்துகளை யாரும் ஒழுங்காக அடைப்பதில்லை. பிரேக் ஹோஸ், வயர் எதற்கும் பக்கத்தில் வேண்டாம். வாய் முன்பக்கம் பார்த்திருந்தால் ஓடும் காற்று உள்ளே அழுத்தும், அதனால் கீழ்நோக்கிச் சாய்வாக வெட்டிவிடுங்கள். ஒரு துண்டு பித்தளை வலையும் வையுங்கள். மண்கூடு கட்டும் குளவிகளுக்கு இந்த அளவு ஓட்டை என்றால் அப்படிப் பிரியம்.

வளைவின் உச்சியில் ஒரு ரோல்ஓவர் வால்வும் போட்டுவிடுங்கள். வண்டி கவிழ்ந்தால் உள்ளிருக்கும் குண்டு விழுந்து வழியை மூடும் எளிய சாதனம், விலையும் பெரிதில்லை. வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். நிமிர்த்திப் பிடித்து இரு பக்கமும் ஊதினால் காற்று போக வேண்டும், கவிழ்த்தால் அடைக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் விடும் வால்வை வாங்கிப் போட்டால் பழைய விக்கல் திரும்பி வரும். பொருத்தும்போது நிமிர்ந்தே நிற்க வேண்டும். படுக்கவைத்தால் அது வெறும் அலங்காரம்.

ஹோஸ் எது என்பதும் சின்ன விஷயமில்லை. அமெரிக்கப் பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் பெட்ரோலில் பொதுவாக 10 சதவீதம் எத்தனால் உண்டு. பழைய பாணித் துணி பின்னிய ஹோஸைப் பீட்டில்காரர்கள் அழகுக்காகப் போடுகிறார்கள். உள் ரப்பர் வெடித்தாலும் துணி மறைத்துவிடும், அதனால் எனக்கு அதன்மேல் நம்பிக்கை இல்லை. ஹோஸின் மேல் எஸ்ஏஇ (வாகனப் பொறியாளர் சங்கம்) வைத்த தர எண், 30ஆர்7 அல்லது 30ஆர்9 என்று அச்சிட்டிருக்கும். ஆர்7-க்கான தரம், ஒரு சதுர மீட்டர் ஹோஸ் சுவர் வழியாக ஒரு நாளில் 550 கிராம் வரை ஆவி கசிய அனுமதிக்கிறது. ஆர்9-க்கு 15 கிராம்தான். கசிவே இல்லாமல் வாடை மட்டும் அடிக்கும் வண்டிகளில் பல நேரம் பதில் இதுதான். ஆர்9 வாங்குங்கள். கிளாம்ப்பும் உள்விளிம்பு மழுங்கியதாக இருக்கட்டும். பட்டையில் வரிவரியாக ஓட்டை இருக்கும் சாதாரண கிளாம்ப் இறுக்க இறுக்க ரப்பரைச் சீவிவிடும்.

மிதவை யூனிட்டின் கேஸ்கெட்டையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். டேங்க் நிறைந்திருக்கும்போது மட்டும் கசிகிற இடம் அது, அதனால் பழியை மூச்சுக் குழாய் சுமக்கும். சாதாரண சிலிகான் பசை தடவாதீர்கள். பெட்ரோல் பட்டால் ஊறிப் பிசுபிசுத்து, துண்டுகளாக டேங்குக்குள் விழும். பெட்ரோல் தாங்கும் என்று எழுதிய கேஸ்கெட் பசை கொஞ்சம் போதும். அந்த ஐந்து ஸ்குரூவையும் ஒரே சுற்றில் இறுக்காமல், எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக.

கைபட்டதோடு கைபட்டதாக டேங்கிலிருந்து சேசிஸுக்கு ஒரு எர்த் வயரும் இழுத்துவிடுங்கள். பீட்டிலின் இரும்பு பாடியில் டேங்குக்கு எர்த் தானாகவே கிடைத்தது. ஃபைபர் கிளாஸில் கிடைக்காது. உங்கள் பெட்ரோல் மீட்டர் நினைத்தபடி ஆடினால் காரணம் இதுவாக இருக்கலாம். மீட்டரைவிட முக்கியம், பெட்ரோல் அடிக்கும்போது சேரும் நிலைமின்சாரம் இறங்க ஒரு வழி வேண்டும்.

டேங்கின் தகட்டிலேயே ஓட்டை என்றால் பற்றவைக்கும் யோசனையே வேண்டாம். காலி டேங்க் நிறைந்த டேங்கைவிட ஆபத்து, உள்ளே இருப்பது முழுக்க ஆவி. உள்ளே ஊற்றிப் பூசும் சீலரும் எனக்குப் பிடிக்காது. சரியாகச் சுத்தம் செய்யாத தகட்டில் உரிந்து, மூச்சு முனையையே போய் அடைக்கும். பீட்டில் டேங்க் இன்றும் புதிதாகவே கிடைக்கிறது, மாற்றிவிடுங்கள்.

இவ்வளவு செய்த பிறகும் வெயில் நாளில் லேசான வாடை இருக்கும், ஏனென்றால் ஆவி இன்னும் வெளியேதான் போகிறது. அது பிடிக்காவிட்டால் கரி டப்பா ஒன்றை இணைக்கலாம். கலிபோர்னியாவுக்கு வந்த பீட்டிலிலேயே 1970 முதல் அது உண்டு. டப்பாவுக்குள் இருக்கும் கரி, டேங்க் சூடாகும்போது வரும் ஆவியைப் பிடித்துவைக்கும். இரவில் டேங்க் குளிர்ந்து காற்றை உள்ளே இழுக்கும்போது, பிடித்ததில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுக்கும். படகுகளில் இப்படித்தான், என்ஜினோடு இணைக்காமலே வைக்கிறார்கள். உங்களுக்கும் அந்த முறை போதும். வளைவைத் தாண்டி, அதற்குப் பிறகுதான் டப்பா வர வேண்டும். கரியில் திரவப் பெட்ரோல் பட்டால் டப்பா வீண்.

பெட்ரோல் அடிக்கும் பழக்கத்தையும் கொஞ்சம் மாற்றுங்கள். இந்த டேங்க் சுமார் 40 லிட்டர். நிலத்தடியிலிருந்து குளிர்ச்சியாக வரும் பெட்ரோல் வெயிலில் 25 டிகிரி சூடானால் ஏறக்குறைய ஒரு லிட்டர் விரியும். கழுத்து வரை நிரப்பினால் அந்த ஒரு லிட்டர் எங்கே போகும்? பங்க்கின் பெட்ரோல் துப்பாக்கி முதல் 'கிளிக்' போட்டதும் நிறுத்திவிடுங்கள், இரண்டு லிட்டர் இடம் காலியாகவே இருக்கட்டும். குளிர்காலப் பெட்ரோல் எளிதில் ஆவியாகும்படி கலக்கப்பட்டது. வசந்த காலத்தில் திடீரென்று ஒரு நாள் வெயில் கொளுத்தினால், டேங்கில் அந்தப் பழைய பெட்ரோல் இருக்கும்போது வாடை தூக்கலாக இருக்கும். அதைப் பார்த்து வேலை கெட்டுவிட்டது என்று எல்லாவற்றையும் மறுபடி கழற்றாதீர்கள்.

எல்லாம் முடிந்ததும் முக்கால் டேங்குக்கு மேல் நிரப்பி, சரிவான இடத்தில் ஒரு ராத்திரி வண்டியின் முன்பக்கம் கீழே இருக்கும்படியும், மறுராத்திரி வலது பக்கம் தாழ்ந்திருக்கும்படியும் வெளியே நிறுத்துங்கள். அடியில் ஒரு அட்டையைப் போட்டுவையுங்கள். காலையில் அட்டை காய்ந்திருந்தாலும் கறையின் ஓரம் தெரியும். கறை இருந்தால் எந்த ராத்திரி, அட்டையில் எந்த இடம் என்று குறித்து அனுப்புங்கள். டேங்கின் மேலே மொத்தம் எத்தனை முனைகள் இருக்கின்றன என்பதையும் எண்ணி எழுதுங்கள். இரண்டு இருந்து ஒன்று திறந்தே கிடந்தால், அதற்கு வேறு வேலை இருக்கிறது.